பிளாத்தோனவைப் பொறியாளராக வாசிக்கலாமா?

மதகடி:

போன வாரம் நாவல் பட்டியல் போடும் இழையில் ஒரு நண்பர் ரஷ்ய எழுத்தாளர் ஆந்த்ரேய் பிளாத்தோனவின் ‘கடைக்கால் குழி’ நாவலை, ஊர்ப் பாட்டாளிகளுக்கெல்லாம் ஒரே வீடு கட்டக் குழி தோண்டும் அந்தக் கதையை, ஒரே வரியில் முடித்துவிட்டார்: சோவியத் ஆட்சியைத் தோலுரித்த அரசியல் அங்கதம், அவ்வளவுதான் என்று. எனக்கு மனசு ஆறவில்லை. முப்பது வருடமாக ஏரி, வாய்க்கால், மதகு என்று திரிகிறவன் நான். தண்ணீருக்காக மண்ணைத் தோண்டி ஏமாந்தவன் எழுதிய புத்தகமாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

ஆளை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1899இல் வரோனிஷ் நகரத்தை ஒட்டிய யாம்ஸ்காயா குடியிருப்பில் பிறந்தவர். அப்பா ரயில்வே பட்டறைத் தொழிலாளி. குடும்பப் பெயர் கிளிமேந்தவ்; அப்பாவின் பெயர் பிளாத்தோன், அதிலிருந்துதான் புனைபெயர். பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளை, மீசை முளைக்கும் முன்பே வேலைக்குப் போனவர். புரட்சிக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் படித்தார். கவிதை, கட்டுரை என்று பத்திரிகையில் பெயர் வந்துகொண்டிருந்த நேரத்தில் 1921 வறட்சி வந்தது, வோல்கா பக்கம் பஞ்சம். தொழில்நுட்பம் தெரிந்த நான் இதற்குமேல் இலக்கியம் என்ற உட்கார்ந்து சிந்திக்கிற வேலையைச் செய்ய முடியாது என்று பிற்பாடு தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதினார். சொன்னதோடு நிற்கவில்லை. வரோனிஷ் மாகாணத்தின் நிலச்சீர்திருத்தப் பொறியாளராகப் போனார். 1926இல் அவர் கிளம்பும்போது கொடுத்த சான்றிதழில் கணக்கு இருக்கிறது: 763 குளங்கள், 331 கிணறுகள், வடிகால் போட்டு மீட்ட சதுப்பு நிலம் 7,600 தெசியாத்தினா (ஒரு தெசியாத்தினா ஒரு ஹெக்டேரைவிடக் கொஞ்சம் கூட), 3 சிறு கிராம மின்நிலையங்கள்.

763 குளம்! ஒரு குளத்துக்கு எவ்வளவு அளவை எடுக்கணும், எத்தனை ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்டணும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் வந்த ‘யெப்பிஃபான் மதகுகள்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசர் பீட்டர் காலம். டான் ஆற்றையும் ஓக்கா ஆற்றையும் கால்வாயால் இணைக்க பெர்ட்ராண்ட் பெர்ரி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வருகிறார். அவருக்குக் கொடுத்த நில அளவை மழை நிறைந்த ஒரு வருடத்தில் எடுத்தது. சாதாரண வருடத்தில் அந்த நீர் வராது. கால்வாயில் தண்ணீர் ஏறவில்லை. உச்சியிலிருக்கும் இவான் ஏரியின் அடியில் ஒரு ஆழமான ஊற்றுக்கண் இருப்பது தெரியவருகிறது. அதை இன்னும் திறந்துவிட்டால் ஏரிக்கு நீர் கூடும் என்று குழாய் இறக்கித் துளைக்கிறார்கள். அடியிலிருந்த களிமண் படுகை உடைகிறது. தண்ணீர் மேலே வருவதற்குப் பதிலாகக் கீழே காய்ந்த மணலுக்குள் இறங்கிவிடுகிறது. தண்ணீர் போதாது, படகு விட முடியாது என்பது யெப்பிஃபான் பெண்களுக்கெல்லாம் ஒரு வருடம் முன்பே தெரியும் என்று பிளாத்தோனவ் எழுதுகிறார். அந்த வரியில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். களிமண் படுகையைத் துளைத்தால் ஏரி என்னவாகும் என்பது ஏரி வேலை பார்த்தவன் வயிற்றில் தெரிகிற விஷயம். நிஜ வாழ்க்கையில் ஜான் பெர்ரி என்ற பொறியாளர் ரஷ்யாவில் அல்லாடி, 1712இல் தப்பித்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பிளாத்தோனவ் தன் பெர்ரியைத் தப்பவிடவில்லை, மாஸ்கோவில் மரண தண்டனை நிறைவேற்றுகிறவனிடம் ஒப்படைத்தார்.

பொறியாளர் என்பதை ஓரமாக வைத்துவிட்டு இவரை வாசிக்க முடியாது என்பதே என் வாதம்.

யாழ்நங்கை:

மதகடி ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், வாதத்தை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் காலத்து ரஷ்யாவில் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் குளம் வெட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூட ‘கடைக்கால் குழி’யை எழுதவில்லை. அவரை எழுத்தாளராக்கியது வாக்கியம்.

நாவலின் முதல் வரியை என்னால் முடிந்த அளவுக்குத் தமிழில் தருகிறேன்: ‘தன் சொந்த வாழ்க்கையின் முப்பதாம் ஆண்டு நிறைவு நாளில், தன் இருப்புக்கான வழிவகைகளை ஈட்டிவந்த ஒரு சிறிய இயந்திர ஆலையிலிருந்து வோஷெவுக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்கள்.’ முப்பதாவது பிறந்தநாள் என்று சொன்னால் போதும். ‘சொந்த வாழ்க்கையின்’ என்று எதற்கு? அதுவரை பொது வாழ்க்கை ஒன்றுதான் வாழ்க்கை என்று நம்பிய ஒருவனுக்கு, தனக்கென்றும் ஒரு வாழ்க்கை இருப்பதே வேலை போகிற நாளில்தான் தட்டுப்படுகிறது. வேலை போன காரணத்தையும் பாருங்கள். அவனிடம் பலவீனம் வளர்ந்துவிட்டதாம், எல்லாரும் வேலையின் வேகத்தில் இருக்கும்போது இவன் யோசனையில் ஆழ்கிறானாம். ஆலையின் பணிநீக்கக் கடிதம் இப்படிப் பேசுகிறது!

அரசாங்கச் சுற்றறிக்கை மொழி, பத்திரிகை முழக்கம், எழுத்து இப்போதுதான் கற்ற விவசாயியின் பேச்சு, பைபிள் வாடை எல்லாம் ஒரே வாக்கியத்தில் முட்டி நிற்கின்றன. வாசிக்கிறவர் தடுக்கித் தடுக்கித்தான் போக வேண்டும். களிமண் பற்றிய அறிவால் இது வராது. காதால் வருவது.

செம்பரிதி:

இரண்டு பேருமே ஒன்றை மறைக்கிறீர்கள். அவர் கம்யூனிஸ்ட். கட்சியில் 1920–21இல் கொஞ்சகாலமே இருந்தார் என்பது உண்மை, நம்பிக்கை அதோடு போய்விடவில்லை. 763 குளம் என்று பெருமையாகச் சொன்னீர்கள், தோழர் மதகடி. அந்தக் குளங்களை ஒரு பொறியாளர் தனியாக வெட்டினாரா? பஞ்ச நிவாரணப் பொதுவேலையாக அரசு பணம் ஒதுக்கியது, பசித்த விவசாயிகள் கூலிக்கு மண் சுமந்தார்கள். பட்டறைத் தொழிலாளியின் மகனுக்குப் படிப்பு கொடுத்து, ஒரு மாகாணத்தின் நீரை இருபதுகளின் தொடக்கத்திலேயே கையில் ஒப்படைத்தது எந்த ஆட்சி? ஜார் காலத்தில் இது நடந்திருக்குமா?

1939இல் வந்த ‘மின்சாரத்தின் தாயகம்’ கதையை வாசியுங்கள். 1921 கோடை. பயிர் கருகுகிறது. ஊர் மக்கள் கடவுள் படத்தைத் தூக்கிக்கொண்டு மழைக்காக ஊர்வலம் போகிறார்கள். ஓர் இளைஞன் அங்கே வந்து பார்த்தால், ஊரில் மின்சாரம் இருக்கிறது! புரட்சியை எதிர்த்துப் போரிட்ட வெள்ளைப் படையிடமிருந்து கிடைத்த ஒரு மோட்டார்சைக்கிளின் என்ஜினில் டைனமோவை இணைத்து விளக்கு எரித்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் கிடையாது, தானியத்தில் காய்ச்சிய சாராயம்தான் எரிபொருள். அவன் அதே என்ஜினில் பம்பை ஓட்டித் தண்ணீர் இறைக்க வைக்கிறான். இந்தக் கதையை எழுதியவரைப் பிடித்து வந்து ‘சோவியத் எதிர்ப்பாளர்’ என்று அலமாரியில் அடுக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

மதகடி:

செம்பரிதி, நான் அவரை எதிர்ப்பாளர் என்று சொல்லவே இல்லை, மறுபடி பாருங்கள். அங்கதம் என்று சொன்னவரோடுதான் எனக்குச் சண்டை. அந்தக் கதையின் முடிவையும் சொல்லிவிடுங்கள்: சாராயம் காய்ச்சும் கலன் வெடித்துப் போகிறது. இளைஞன் தன் வேலை முடிந்ததென்று இரவோடு இரவாகத் தனியாக நடந்து போகிறான். வெற்றிக்கதை எழுதுகிறவர் அந்தக் கலனை வெடிக்கவிட மாட்டார்.

ஆட்சி கையில் ஒப்படைத்தது என்றீர்கள். பிறகு என்ன நடந்தது? 1926இல் வேளாண் தொழிலாளர் சங்கத்தின் மத்தியக் குழுவுக்குத் தேர்வாகி, மனைவி மரியாவோடும் சிறு மகனோடும் மாஸ்கோ வந்தார். சில வாரங்களில் பதவி போயிற்று. கையில் காசில்லை, தங்கியிருந்த இடத்தையும் காலி பண்ணச் சொல்கிறார்கள். தன் தொழில்நுட்பப் புத்தகங்களை விற்றார். அவை இல்லாமல் நான் பொறியாளரே இல்லை, குழந்தைக்குச் சோறு போட விற்றேன் என்று எழுதியிருக்கிறார். எனக்கும் ஒரு தடவை ஆறு மாதம் சம்பளம் வராத காலம் ஒன்று இருந்தது. அளவைக் கருவியை விற்கலாமா என்று கையில் எடுத்துவிட்டு, திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அதனால் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக எனக்கு முடியவில்லை.

அப்புறம் தம்போவ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அலுவலகச் சூழ்ச்சி, பொறாமை, தனிமை. ஒரு குளிர்காலத்தில் பகலில் ஆபீஸ், ராத்திரி எழுத்து. ‘யெப்பிஃபான் மதகுகள்’ அங்கேதான் பிறந்தது. பெர்ரியைச் சுற்றியிருக்கும் தனிமை எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லுங்கள் யாழ்நங்கை, காதிலிருந்தா?

கருவேலம்:

பொறியாளர் என்பதால் பிளாத்தோனவ் பெரிய எழுத்தாளர் ஆகவில்லை. தனக்குள் இருந்த பொறியாளனைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டதால் ஆனார். இதுதான் என் பக்கம்.

இருபது வயதில் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளைப் பாருங்கள். ஒன்றின் தலைப்பே ‘பூமியைப் பழுதுபார்த்தல்’. பூமி அவருக்குச் சரியாக ஓடாத ஒரு எந்திரம். மலையை வெடிவைத்துப் பிளந்து வெப்பக்காற்றைக் குளிர் நாட்டுக்குத் திருப்பிவிடலாம் என்றெல்லாம் கனவு. அதில் மனிதனுக்கு இடம் உண்டு, ஆனால் ஆணி அளவுக்கு. ஐந்தாறு வருடம் சேற்றில் நின்றபிறகு ‘ஈதர் பாதை’யை எழுதுகிறார். எலக்ட்ரானும் உயிர்தான், ஆடுமாடு போல அதையும் தீனிபோட்டு வளர்க்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கிளம்புகிறார்கள். அந்த ஆராய்ச்சி ஆட்களை ஒவ்வொருவராக விழுங்கிவிடுகிறது. முன்பு தானே நம்பியதைத்தான் இப்போது நடுக்கத்தோடு எழுதுகிறார்.

ஒப்பிடுவதற்கு யெவ்கேனி ஸம்யாத்தினை எடுத்துக்கொள்வோம். அவரும் பொறியாளர், கப்பல் கட்டும் துறை. 1916இல் இங்கிலாந்தின் நியூகாஸில் போய் ரஷ்யாவுக்கான பனியுடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை பார்த்தவர். திரும்பி வந்து ‘நாங்கள்’ எழுதினார். அதில் கண்ணாடிச் சுவர், எண்ணால் அழைக்கப்படும் மனிதர்கள், விண்கலம் கட்டும் பொறியாளன். எல்லாம் வரைபட மேசைமேல் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தமே பயமாக இருக்கும். ஸம்யாத்தின் 1931இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கி வெளியேறினார், 1937இல் பாரிஸில் இறந்தார். பிளாத்தோனவ் எங்கேயும் போகவில்லை. அவருடைய ஆட்கள் வரைபடத்தில் இல்லை, குழிக்குள் இருக்கிறார்கள். ஆக, ‘பொறியியல் பின்னணி’ என்ற ஒரே சாவி இரண்டு பூட்டையும் திறக்காது, மதகடி.

புதுவாசகன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் ஒன்றுமே வாசிக்கவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? அவர் கடைசிக் காலத்தில் மாஸ்கோ இலக்கியக் கழகத்தின் முற்றத்தைப் பெருக்கும் வேலை பார்த்தார் என்று ஒரு இடத்தில் படித்தேன், நிஜமா?

யாழ்நங்கை:

தம்பி, அது கட்டுக்கதை. அந்தக் கழகத்தின் வளாகத்தில் ஒரு பக்கக் கட்டடத்தில் குடும்பத்தோடு குடியிருந்தார். வாசல் பனியைத் தள்ளியிருப்பார், பார்த்தவர்கள் கதை கட்டிவிட்டார்கள். அவர் பட்ட துயரத்துக்கு இந்தக் கதையின் உதவி தேவையே இல்லை. மகன் பிளாத்தோன் 1938இல் கைதானபோது வயது பதினைந்து. எழுத்தாளர் ஷோலொகவ் தலையிட்டதால் 1940இல் வெளியே வந்தான், காசநோயோடு. 1943 ஜனவரி 4ஆம் தேதி இறந்தான். அப்பா அப்போது போர்முனையில் ‘சிவப்பு நட்சத்திரம்’ பத்திரிகையின் நிருபர். அவருக்கும் காசநோய் வந்தது. 1951 ஜனவரி 5ஆம் தேதி மாஸ்கோவில் இறந்து, மகனின் பக்கத்திலேயே அடக்கமானார்.

‘திரும்பி வருதல்’ என்ற சிறுகதையில் தொடங்கு. போர் முடிந்து வீடு திரும்பும் ஒரு படைவீரன், தான் இல்லாத நான்கு வருடத்தில் பன்னிரண்டு வயது மகன் கிழவனைப் போல் குடும்பம் நடத்தப் பழகிவிட்டதைப் பார்க்கிறான். உருளைக்கிழங்குத் தோலைத் தடிமனாக உரிக்காதே என்று அந்தப் பையன் அம்மாவுக்கே சொல்வான். 1946இல் இது பத்திரிகையில் வந்தது. அடுத்த ஆண்டு பிறந்தவுடனே அவதூறு என்று இலக்கியப் பத்திரிகையில் தாக்கினார்கள். அதோடு அவர் சொந்தக் கதை அச்சேறுவது அநேகமாக நின்றுபோயிற்று.

செம்பரிதி:

யாழ்நங்கை சொன்னதில் மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. 1931இல் ‘இலாபத்துக்காக’ என்ற குறுநாவல் வந்தபோது ஸ்டாலின் ஓரத்தில் ‘அயோக்கியன்’ என்று கிறுக்கினார், எதிரிகளின் கையாள் என்று எழுதினார் என்பதும் எனக்குத் தெரியும். வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் ஃபதேயவே பிறகு அதைக் கண்டித்து எழுதினார். இதையெல்லாம் நியாயப்படுத்த நான் வரவில்லை.

நான் சொல்வது இது. அப்படித் திட்டு வாங்கிய பிறகு அவர் என்ன செய்தார்? எடைக்கருவி, அளவைக்கருவி செய்யும் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்து தராசு வடிவமைத்தார். கண்டுபிடிப்புக்குச் சான்று வாங்கினார். ஆட்சி தன்னை நம்பவில்லை என்றாலும் அந்த ஆட்சி சொன்ன நாளையை அவர் கைவிடவில்லை. எதிரி என்றால் அவரைப் புரிந்துகொள்வது சுலபம். அவர் நம்பினவர். அதனால்தான் ‘கடைக்கால் குழி’ இத்தனை வலிக்கிறது. கருவேலம் சொல்லும் ‘சந்தேகம்’ என்ற வார்த்தை போதாது.

மதகடி:

செம்பரிதி, இந்த இடத்தில் உங்களோடு நிற்கிறேன். நம் பக்கம் கொத்தனார்கள் கடைக்கால் எடுப்பதை ‘வானம் தோண்டுவது’ என்பார்கள். அந்த நாவலை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

கருவேலம், ஒரே சாவி இரண்டு பூட்டைத் திறக்காது என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவலின் பொறியாளர் புருஷெவ்ஸ்கியைக் கவனியுங்கள். ஊர்ப் பாட்டாளிகள் எல்லாரும் குடியேறப்போகும் ஒரே வீட்டுக்குத் திட்டம் போட்டவர் அவர். மண்ணின் தாங்குதிறன், சுமை எல்லாம் அவருக்கு அத்துப்படி. இருபத்தைந்து வயதிலேயே தன் அறிவுக்கு முன்னால் இருட்டாக ஒரு சுவர் நிற்பதை உணர்ந்தவர். சாவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறவர். எப்போதோ ஒருமுறை கண்ட ஒரு பெண்ணின் நினைவு தவிர அவருக்கு வேறு பிடிமானம் இல்லை. குழியோ வளர்ந்துகொண்டே போகிறது. நான்கு மடங்கு ஆக்கலாம் என்கிறார் ஓர் அதிகாரி. மேலிடம் இன்னும் பெரிதாகக் கேட்குமோ என்று பயந்து, ஆறு மடங்கு என்கிறார். எந்த மண் பரிசோதனையும் இல்லாமல்! இதை மேசையிலிருந்து எழுத முடியாது. மேலிடத்துக்கு நல்ல பேர் வாங்க அளவு கூட்டுகிறவனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான் எழுத முடியும்.

கடைசியில் வீடு எழும்பவே இல்லை. அந்த வீட்டில் வாழப்போகும் தலைமுறை என்று எல்லாரும் கண்ணில் வைத்துப் பார்த்த நாஸ்தியா என்ற சிறுமி இறந்துபோகிறாள். மண்வெட்டித் தொழிலாளி சிக்லின் அவளுக்குக் குழி தோண்டுகிறான். பதினைந்து மணி நேரம் விடாமல். புழுவோ, செடியின் வேரோ, சூடோ, குளிரோ எட்டக் கூடாது, மேலே நடக்கும் வாழ்க்கையின் சத்தம் பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அத்தனை ஆழம். கல்லைக் குடைந்து படுக்கை அமைத்து, மூடுவதற்குத் தனியாக ஒரு கருங்கல் பலகையும் செய்துவைக்கிறான். என்ன ஆழம், எதற்காக அந்த ஆழம், எந்தப் பொருள் என்று காரணத்தோடு சொல்லி, செய்து முடித்த வேலை அந்தப் புத்தகத்திலேயே இது ஒன்றுதான்.

கருவேலம்:

ஒன்றை விட்டுவிட்டீர்கள் மதகடி. தெப்பம்.

கூட்டுப்பண்ணை அமைக்கும்போது வசதியான விவசாயிகளை ஊரைவிட்டு அகற்ற மரக்கட்டைகளைப் பிணைத்து ஒரு தெப்பம் செய்கிறார்களே, அதுவும் முடிந்த வேலைதான். நேரத்துக்கு முடிந்தது, மிதந்தது, பழுதில்லாமல் ஆற்றோடு போனது. நாவலை அவர் எழுதியது 1929 டிசம்பரிலிருந்து 1930 ஏப்ரல் வரை. அந்த மாதங்களில்தான் நிஜத்திலும் குடும்பம் குடும்பமாக ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதியது அச்சில் சோவியத் நாட்டு வாசகர்கள் கைக்கு வர 1987 வரை ஆயிற்று.

செய்து முடித்தவை இரண்டு: தெப்பமும் பிள்ளையின் கல்லறையும். பொறியாளராகத்தான் வாசிக்க வேண்டும் என்றால், இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள் ஐயா.

மதகடி:

விட்டுவிட்டேன். அந்தத் தெப்பத்தை மறந்தது என் தப்பு. நாளைக்கு அந்த அத்தியாயத்தை மறுபடி எடுக்கிறேன்.

யாழ்நங்கை:

நான் இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கால் இழந்த ஜாச்செவ், தெப்பம் நிஜமாகவே கடல் பக்கம் போகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கரையோடு ஊர்ந்து போகிறான். தெப்பத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக அவனையே பார்க்கிறார்கள். தங்கள் ஊரையும், அதில் கடைசியாகக் கண்ணில் படும் மகிழ்ச்சியான மனிதனையும் என்றென்றைக்குமாகக் கவனித்து வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறார். ஜாச்செவைப் போய் ‘மகிழ்ச்சியான மனிதன்’ என்கிறார். தெப்பம் அதன்பிறகு வளைவில் மறைகிறது. கரையில் அவனுக்கு நெஞ்சு கனக்கிறது.